உழவு இயந்திரத்தை ஏற்றிச் செல்ல எந்த வண்டி? திருகோணமலை வயல்களுக்கான ஓர் ஒப்பீடு

பெரும்போக உழவு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் கூலிக்கு இயந்திரம் விடுபவர்களிடையே ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழும். இரண்டு உழவு இயந்திரங்களும் ஒரு வெட்டு மெசினும் (நெல் அறுவடை இயந்திரம்) கையில் இருக்கின்றன. அவற்றை வேலைக்கு ஏற்றிச் செல்லச் சொந்தமாக ஒரு லொறி வாங்குவதா, லொறிக்குப் பின்னால் கொழுவும் ட்ரெயிலர் வாங்குவதா, லோபெட் (தாழ்ந்த மேடையுள்ள நீண்ட ட்ரெயிலர்) ஒன்றைத் தேடுவதா, அல்லது இதுவரை செய்ததுபோல வாடகைக்குப் பிடிப்பதா என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர்களில் பெரும்பாலோர் வண்டியின் குதிரைவலுவிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். இந்த ஒப்பீட்டில் அதற்குக் கடைசி இடம்தான். வயல் பக்கத்துத் தரை ஏறக்குறைய மட்டமானது. மூன்று தொன் இயந்திரத்தை இழுக்க வலு போதாமல் நின்றுபோன லொறியைக் காண்பது அரிது. இயந்திரத்தை எங்கே இறக்கப் போகிறோம், ஒரு தடவைக்கு எவ்வளவு தூரம் கொண்டுபோகிறோம் என்ற இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

## ஏற்றத்தான் வேண்டுமா?

நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஓடும் கால் உண்டு. வயலிலிருந்து அடுத்த ஊர் வயலுக்குப் போவதற்கு அதை இன்னொரு வண்டியின் முதுகில் ஏற்றுவது வீண் செலவு. ஏற்ற வேண்டிய நிலை மூன்று காரணங்களால் வருகிறது.

முதலாவது, சேற்று உழவுக்குப் பூட்டும் இரும்புச் சில்லு. அது தார் வீதியைக் கிழித்துவிடும் என்பதால் அதோடு வீதியில் ஏற இடமில்லை. ஆனால் இதற்கு மலிவான தீர்வு ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது: சில்லுகளைக் கழற்றி இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, டயரில் ஓடிப் போய் வரம்படியில் மாட்டுவது. கழற்றி மாட்டச் செலவாகும் நேரத்தை லொறியின் மாதத் தவணையோடு ஒப்பிட்டால், இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் லொறி வாங்குவது கட்டுப்படியாகாது.

இரண்டாவது, தூரம். திருகோணமலையிலிருந்து கந்தளாய் சுமார் 40 கிலோமீற்றர். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் இயந்திரத்துக்கு அது ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டம். வயலுக்கென்று வார்த்த தடித்த பல் டயர் சூடான தார் வீதியில் வேகமாகத் தேயும். மாவட்டம் கடந்து பொலன்னறுவைக்கோ அனுராதபுரத்துக்கோ போவதானால் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, வெட்டு மெசின். இறப்பர்ப் பட்டியில் ஓடும் இந்த இயந்திரத்தைத் தார் வீதியில் சில கிலோமீற்றர் ஓட்டினாலும் பட்டியின் ஆயுள் குறையும். புதுப் பட்டியின் விலை தெரிந்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். ஆகவே, உழவு இயந்திரம் மட்டும் வைத்திருப்பவரும் வெட்டு மெசின் வைத்திருப்பவரும் கேட்கும் கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும், விடை வேறு வேறாகத்தான் அமையும்.

## அளவுகோல்கள்

எடை. மசே பெர்கியூசன் 240, டஃபே 45, மஹிந்திரா 575 போன்ற நம் வயல்களில் வழக்கமான இயந்திரங்கள் ஏறக்குறைய 2 தொன் எடையுள்ளவை. அதனோடு, பின்னால் பூட்டி மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் 400 முதல் 500 கிலோ வரை சேரும். இரும்புச் சில்லுகளும் சேரும். பின் டயர்களில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால் ஒரு டயருக்குச் சுமார் 200 லிட்டர் என்ற கணக்கில் இன்னும் 400 கிலோ கூடும். சிற்றேட்டில் பார்த்த எடை இவ்வாறு 3 தொன்னை எட்டிவிடும். குபோட்டா டீசி-70 வகை வெட்டு மெசின் வெறும் உடலிலேயே 3 தொன்னைத் தொடும். அதன் நீளம் 5 மீற்றரை நெருங்கும். லொறி எவ்வளவு சுமக்கலாம் என்பதை விற்பவரின் வாயிலிருந்து கேட்க வேண்டியதில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதே அது. அந்த வெற்று எடை எழுதப்பட்ட பின்னர் யாராவது இரும்புத் தளமும் பக்கத் தடுப்பும் பற்றவைத்திருந்தால், அந்த எடையையும் கழிக்க வேண்டும்.

மேடையின் உயரமும் ஏறுபலகையின் நீளமும். பலர் கவனிக்கத் தவறுவதும், விபத்துகள் அதிகம் நேர்வதும் இங்கேதான். மேடை உயரத்தைப் போல 4 மடங்கு நீளமான ஏறுபலகை வேண்டும் என்பது இயந்திரக் கையேடுகள் சொல்லும் பொது விதி. 1 மீற்றர் உயர மேடைக்கு 4 மீற்றர் பலகை வைத்தால் சரிவு ஏறக்குறைய 14 பாகை. பட்டறையில் வழக்கமாகச் செய்து தரும் 2.5 மீற்றர்ப் பலகையை வைத்தால் அதே சரிவு 23 பாகையைத் தாண்டும். பின்னால் ரொட்டவேட்டர் தொங்கும் உழவு இயந்திரம் அந்தச் சரிவில் முன்னோக்கி ஏறும்போது முன் சில்லுகள் நிலத்தைவிட்டு எழும்பப் பார்க்கும். அதனால் பாரமான பின்பக்கம் மேட்டை நோக்கியிருக்குமாறு பின்னோக்கி ஏற்றி, முன்னோக்கி இறக்க வேண்டும். ஏறுவதற்கு முன் இடது, வலது பிறேக் மிதிகளை இணைக்கும் கொழுக்கியைப் போட வேண்டும். வயலில் திருப்பத்துக்காகக் கழற்றிவிட்ட அந்தச் சிறு கொழுக்கி பலகையில் ஏறும்போதும் கழன்றபடியே இருந்தால், ஒரு மிதியை மட்டும் அழுத்திய கணத்தில் இயந்திரம் பலகையைவிட்டு விலகிவிடும்.

இறக்கும் இடம். ஏற்றுவதற்கு வீட்டு முற்றத்தில் மண்மேடு கட்டிக்கொள்ளலாம். இறக்குவது வாய்க்கால் கட்டின் ஓரத்தில், கிறவல் வீதியில், ஒரு லொறி மட்டும் போகக்கூடிய அகலத்தில் நடக்கும். அங்கே வண்டி திரும்ப முடியுமா, பின்னோக்கி வெளியேற முடியுமா, நடுவில் உள்ள மதகு அந்த எடையைத் தாங்குமா என்பவற்றை மழை பெய்த மறுநாளை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்போக உழவும் வடகீழ்ப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன.

சாரதியும் சட்டமும். இலங்கையில் மொத்த எடை 17,000 கிலோவுக்கு உட்பட்ட லொறியை ஓட்ட சீ1 வகுப்பு அனுமதி போதும். அதற்கு மேற்பட்டால் சீ வகுப்பு வேண்டும். 750 கிலோவைத் தாண்டிய ட்ரெயிலரை லொறியில் கொழுவினால் சீஈ வகுப்பு வேண்டும். உழவு இயந்திரத்தை அதன் ட்ரெயிலரோடு ஓட்டுவது ஜீ வகுப்பில் அடங்கும். அறுவடைக் காலத்தில் சீஈ அனுமதி உள்ள சாரதியை இரவு பத்து மணிக்குத் தேடிப் பிடிப்பது வண்டி வாங்குவதைவிடக் கடினம்; அவருடைய சம்பளமும் வேறு.

ஆண்டில் எத்தனை நாள். நீர் திறக்கும் திகதி பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுவதால், ஒரு குளத்தின் கீழுள்ள எல்லா வயலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உழவுக்கு வருகின்றன, அறுவடையும் அப்படியே. ஏற்றுவண்டிக்கு வேலை ஆண்டில் சில வாரங்களுக்குள் அடைபட்டுவிடுகிறது. மீதி மாதங்களில் அந்த வண்டி என்ன செய்யும் என்பதற்கு விடை இல்லாதவர் வாங்குவதற்கு முன் இன்னொரு முறை கணக்குப் பார்க்க வேண்டும்.

## ஒரு பார்வையில்

| தெரிவு | மேடை உயரம் | எதை ஏற்றலாம் | அனுமதி வகுப்பு | ஒடுங்கிய வயல் பாதை | பருவம் இல்லாத மாதங்களில் |
|---|---|---|---|---|---|
| உழவு இயந்திரம் இழுக்கும் தாழ்ந்த ட்ரெயிலர் | மிகத் தாழ்வு | ஒரு வெட்டு மெசின் | ஜீ | நன்று | நிற்கும். செலவும் குறைவு |
| 14.5 அடி லொறி | சுமார் 1 மீற்றர் | ஒரு உழவு இயந்திரம் | சீ1 | நன்று | எளிதில் வேலை கிடைக்கும் |
| 16 தொன் வகுப்பு நெடுந்தள லொறி | 1.2 மீற்றருக்கு மேல் | வெட்டு மெசின், அல்லது இரண்டு உழவு இயந்திரங்கள் | சீ1 | சுமார் | நெல், மணல், கல் |
| சாய்மேடை லொறி | மேடையே சாயும் | ஒன்று. எடையைப் பார்த்து | சீ1 | நன்று | பழுதான வாகனம் ஏற்றல் |
| லொறி அல்லது டபுள்கப் (இரட்டைக் கபின் பிக்கப்), பின்னால் ட்ரெயிலர் | தாழ்வு | ஒன்று | லொறிக்குப் பெரும்பாலும் சீஈ | கடினம் | ட்ரெயிலர் நிற்கும் |
| பிரைம் மூவர் (இழுக்கும் தலைவண்டி), லோபெட் | தாழ்வு முதல் நடுத்தரம் | இரண்டு, மூன்று | சீஈ | இயலாது | கட்டுமான இயந்திரம் |

## உழவு இயந்திரம் இழுக்கும் தாழ்ந்த ட்ரெயிலர்

வெட்டு மெசின் வைத்திருப்பவர்கள் பலர் ஏற்கெனவே இதைத்தான் வைத்திருக்கிறார்கள். லொறி பற்றிய பேச்சில் இதை ஒரு தெரிவாகவே யாரும் எண்ணுவதில்லை என்பது விந்தை. மேடை தாழ்வாக இருப்பதால் குறுகிய பலகை போதும். இழுப்பதற்குத் தனி எஞ்சின் வாங்க வேண்டியதில்லை. வயலுக்குள் இறங்கியதும் இழுத்து வந்த இயந்திரமே பெட்டி பூட்டி நெல் மூட்டை ஏற்றலாம். கிண்ணியாவிலிருந்து தம்பலகாமத்துக்கோ, மூதூரிலிருந்து தோப்பூருக்கோ போகும் தூரங்களுக்கு இதைவிட மலிவான ஏற்பாடு இல்லை.

இதன் குறை முழுவதும் பிறேக்கில் இருக்கிறது. 2 தொன் எடையுள்ள உழவு இயந்திரம், வெட்டு மெசினும் ட்ரெயிலருமாக 4 தொன்னை இழுக்கிறது; ட்ரெயிலருக்குத் தனிப் பிறேக் பெரும்பாலும் இருப்பதில்லை. மட்டமான வீதியில் மெல்லப் போகும்வரை பிரச்சினை தெரியாது. பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் ஒரு மாடு குறுக்கே வந்தால், பின்னாலுள்ள 4 தொன் முன்னாலுள்ள 2 தொன்னைத் தள்ளும். இயந்திரம் குறுக்காக மடிந்து நிற்கும். புதிதாகச் செய்விப்பவர்கள் பட்டறையில் பிறேக் உள்ள அச்சைக் கேட்டு வாங்குவதற்குச் செலவிடும் பணம் வேறெந்த அலங்காரத்தைவிடவும் பயனுள்ளது. இரண்டாவது குறை வெளிச்சம். இரவில் ஏ15 வீதியில் பஸ்ஸும் டிப்பரும் பின்னால் வரும்போது, மணிக்கு 20 கிலோமீற்றரில் நகரும் இந்த நீண்ட உருவத்துக்குப் பின் விளக்கும் ஒளிதெறிக்கும் தகடும் இல்லாவிட்டால் ஆபத்து வெட்டு மெசினுக்கு மட்டும் வருவதில்லை. ஒரு வழிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்டினால் டீசலும் டயரும் சாரதியின் நேரமும் சேர்ந்து இந்த மலிவைத் தின்னத் தொடங்கிவிடும்.

## 14.5 அடி லொறி

கன்டர், எல்ஃப் வகை லொறிகள் நம்மிடையே நிறைய ஓடுகின்றன. உதிரிப்பாகம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். பழுதுபார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பார். ஒரு உழவு இயந்திரத்தை ரொட்டவேட்டரோடு ஏற்ற 14.5 அடி, அதாவது சுமார் 4.4 மீற்றர், ஏறக்குறைய மட்டுமட்டான நீளம். கலப்பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தால் வசதி. மேடையின் உள் அகலத்தை அளந்த பிறகே முற்பணம் கொடுக்க வேண்டும். ஒடுங்கிய கபின் உள்ள மாதிரிகளில் பின் சில்லுகள் விரித்துப் பூட்டிய இயந்திரம் உட்காராது.

வெட்டு மெசினை இதில் ஏற்றுபவர்கள் உண்டு. அதைப் பரிந்துரைக்க முடியாது. மேடையைவிட நீளமான இயந்திரம் பின்னால் தொங்குகிறது. சுமை பின் அச்சுக்கு அப்பால் விழுகிறது. முன் சில்லுகளின் பிடி குறைந்து ஸ்டியரிங் இலேசாகிறது. ஏற்றும் வேளை அதைவிட மோசம். 3 தொன் இயந்திரம் பின் விளிம்பில் ஏறும் கணத்தில் லொறியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் எழும்பும். இந்த வகைப் பழைய லொறிகள் பலவற்றில் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டையே பிடிக்கிறது. பின் சில்லுகளில் ஒன்று சேற்றில் வழுக்கினாலோ எழும்பினாலோ, இரு பின் சில்லுகளையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷல் வழியாக மற்றச் சில்லு உருளும். கைப்பிறேக் போட்டபடியே லொறி நகரும். சில்லுக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டையும், பின் சட்டகத்தின் கீழ் இரண்டு முட்டும் வைத்த பிறகே உழவு இயந்திரத்தைக்கூட ஏற்ற வேண்டும். முட்டுக்குத் தென்னங்குற்றி போதாது. சேற்றில் புதையாதவாறு அடியில் அகன்ற தகடு பற்றவைத்த இரும்புக் கால் வேண்டும்.

மறைந்த செலவு இதில் குறைவு. வருமான அனுமதிப்பத்திரம், தகுதிச் சான்றிதழ், காப்புறுதி, ஆறு டயர். பருவம் முடிந்ததும் நெல்லோ மீனோ வெங்காயமோ ஏற்றலாம் என்பதால், ஆண்டு முழுவதும் மிக எளிதில் வேலை கிடைக்கும் தெரிவு இதுதான் என்றும் சொல்லலாம். உழவு இயந்திரம் இரண்டு, வெட்டு மெசின் இல்லை, மாவட்டத்துக்குள்ளேயே வேலை என்பவருக்கு லொறி ஒன்று வேண்டியே தீருமானால் இது பொருந்தும்.

## 16 தொன் வகுப்பு நெடுந்தள லொறி

டாட்டா 1613 என்ற பெயரிலேயே விபரம் இருக்கிறது: முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை 16 தொன் என்பதையும், அடுத்த இரண்டு 130 குதிரைவலு என்பதையும் குறிக்கின்றன. இந்த வகுப்பு 17,000 கிலோவுக்குள் நிற்பதால் சீ1 அனுமதி உள்ள சாரதி ஓட்டலாம் என்பது பலர் அறியாத பெரிய வசதி. 18 அடிக்கு மேற்பட்ட தளத்தில் வெட்டு மெசின் முழுமையாக உட்காரும். 20 அடிக்கு மேல் இருந்தால், கலப்பை கழற்றிய இரண்டு உழவு இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தலாம். சுமையும் அதன் கொள்ளளவில் பாதிக்கும் குறைவு என்பதால் பிறேக்கும் ஸ்பிரிங்கும் களைக்காது.

ஆனால் மேடை உயரம் 1.2 மீற்றருக்கு மேல். முன் சொன்ன விதிப்படி 5 மீற்றர்ப் பலகை வேண்டும். அதை இரும்பில் செய்தால் இரண்டு பேராலும் தூக்க முடியாது. அதனால்தான் இந்த லொறிக்காரர்கள் மண்மேட்டைத் தேடி அலைகிறார்கள். சிலர் வாய்க்கால் கட்டையே மேடையாகப் பயன்படுத்துகிறார்கள். ஈரமான கட்டின் ஓரத்தில் லொறியின் பின் அச்சை ஏற்றி நிறுத்தினால் கட்டு சரியும்; அதன் பிறகு நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் விவசாயச் சம்மேளனத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த லொறியை வாங்குபவர், பின்புறத்தில் கடைசி ஒன்றரை மீற்றர்த் தளத்தைச் சரிவாக வெட்டி இறக்கி, அதிலிருந்து மடியும் பலகையைக் கீலில் பொருத்திக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கான செலவை வாங்கும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். உடலமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் அந்த மாற்றத்தைச் சேர்க்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டவர்களுக்கு விபத்துக்குப் பின் காப்புறுதிக் கோரிக்கையில்தான் அதன் விலை தெரியவரும்.

இரண்டு இயந்திரங்களை வைத்து மாவட்டம் மாவட்டமாக அறுவடையைத் தொடர்ந்து போகிறவருக்கு இதுவே சிறந்தது என்பது என் கருத்து. அறுவடைக் காலம் இடத்துக்கு இடம் முன்பின்னாக வருவதால், கந்தளாயில் முடித்து ஹபரணை வழியாகப் பொலன்னறுவைக்குப் போகும் ஓட்டம் ஏ6 போன்ற பெருவீதியில் நடக்கிறது; அங்கே இந்த லொறியின் நிதானம் பயன் தரும்.

## சாய்மேடை லொறி

பழுதான காரை ஏற்றிச் செல்லும் கார் கேரியர் இதுதான். மேடை பின்னோக்கி வழுகி நிலத்தைத் தொடும். வின்ச் கம்பி இயந்திரத்தை மெல்ல இழுக்கும். ஏறுபலகை, மண்மேடு, முட்டு என்ற தொல்லைகள் நீங்கிவிடுகின்றன. எஞ்சின் இயங்காத இயந்திரத்தைக்கூட ஒரே ஆள் ஏற்றலாம். வயலோரத்தில் இறக்குவதற்கு இதைவிடப் பாதுகாப்பான அமைப்பு இந்தப் பட்டியலில் இல்லை.

விலையைத் தவிர இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். வழுகும் சட்டகமும் ஹைட்ரோலிக் அமைப்பும் தாமே கனமானவை. அவற்றின் எடை சுமக்கும் அளவிலிருந்து கழிகிறது. காருக்கென்று கட்டிய சிறிய கேரியரில் 3 தொன் வெட்டு மெசினை ஏற்றினால் முதலில் வளைவது மேடை வழுகும் தண்டவாளம். அதைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது, மேடை பாதியில் சிக்கும்போதுதான் தெரியும். அடுத்தது கடற்காற்று. நிலாவெளியிலும் குச்சவெளியிலும் நிறுத்தி வைக்கும் வண்டியின் சிலிண்டர்த் தண்டும் வின்ச் கம்பியும் உப்பால் அரிக்கப்படும்; அரித்த தண்டு எண்ணெய்ச் சீலைக் கிழிக்கும். வேலை இல்லாத மாதங்களிலும் கிரீஸ் பூசிக் கிழமைக்கொரு முறை மேடையை இயக்க வேண்டும்.

திருகோணமலை நகரத்துக்குக் கிட்ட இருப்பவருக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் நிறையும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், பழுதான வாகனங்களை ஏற்றுவதற்கு அழைப்பு வரும். மூதூருக்கு அப்பால், வெருகல் பக்கம் இருப்பவருக்கு அந்த வருமானத்தை எதிர்பார்க்க இடமில்லை. ஆகவே ஒரே வண்டி ஒருவருக்கு இலாபமாகவும் மற்றவருக்குச் சுமையாகவும் முடியும்.

## லொறிக்கோ டபுள்கப்புக்கோ பின்னால் கொழுவும் ட்ரெயிலர்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்ப்பவர்களை அதிகம் கவரும் தெரிவு இது. டபுள்கப் சிலவற்றின் இழுவைத்திறன், பிறேக் உள்ள ட்ரெயிலருக்கு 3.5 தொன் என்று குறிக்கப்பட்டிருப்பதும் உண்மைதான். அதே வண்டிகளுக்குப் பிறேக் இல்லாத ட்ரெயிலருக்கான எல்லை வெறும் 750 கிலோ என்பது அடுத்த வரியில் இருக்கும். அந்த வரியைப் படிப்பவர் குறைவு. 2.5 தொன் இயந்திரமும் ஏறக்குறைய 1 தொன் ட்ரெயிலரும் சேர்ந்தால் எல்லையின் விளிம்பில் நிற்கிறோம். சுமையில் 10 முதல் 15 வீதம் வரை கொழுவியில் விழுமாறு இயந்திரத்தை நிறுத்தாவிட்டால், வேகம் கூடும்போது ட்ரெயிலர் பாம்புபோல வளைந்து இழுக்கும் வண்டியையும் புரட்டிவிடும்.

இங்கே இதைத் தடுப்பது பெரும்பாலும் பாதைதான். வாய்க்கால் கட்டில் உள்ளே போன ட்ரெயிலரைப் பின்னோக்கி எடுத்து வருவது கைதேர்ந்தவருக்கே கடினம். இருட்டில், மழையில், இருபுறமும் நீர் நிற்கும் கட்டில் அதை முயல வேண்டாம். ட்ரெயிலருக்குத் தனிப் பதிவும் இலக்கத்தகடும் வேண்டும். லொறியில் கொழுவினால் சீஈ அனுமதி வேண்டும். தார் வீதியோரத்தில் விற்பனை நிலையமோ கராஜோ வைத்து, ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றத்துக்கு இயந்திரம் நகர்த்துபவருக்கு மட்டும் இது பொருந்தும்.

## பிரைம் மூவரும் லோபெட்டும்

இதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பேக்கோ, ரோலர் போன்ற கட்டுமான இயந்திரமும் வைத்திருப்பவருக்கே இது கட்டுப்படியாகும். வயல் பாதைக்குள் நுழையாது. பெருவீதியோரத்தில் இறக்கி, அங்கிருந்து இயந்திரத்தைத் தானாக ஓட விட வேண்டும். திருகோணமலை ரயில் பாதை கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக வருவதால் வீதியை வெட்டும் கடவைகள் உண்டு. தாழ்ந்த வயிற்றுப் பகுதியுள்ள லோபெட் மேடான கடவையிலோ கூன் விழுந்த மதகிலோ தட்டி நின்றால், அதை நகர்த்த இன்னொரு பாரவண்டி வர வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி நின்றபடியே வெடித்துப்போகும் டயர்களின் எண்ணிக்கையும் இதில்தான் அதிகம்.

## வாடகைக்குப் பிடிப்பது

சொந்த வண்டியின் தவணை, காப்புறுதி, தகுதிச் சான்றிதழ், டயர், சாரதி எல்லாவற்றையும் கூட்டி, ஆண்டில் உண்மையில் ஏற்றும் தடவைகளால் வகுத்துப் பார்த்தால், ஒரே ஒரு வெட்டு மெசின் வைத்திருப்பவருக்கு வாடகையே மலிவாக வரும். குறை என்னவென்றால், வேண்டிய நாளில் கிடைக்காது. எல்லா வயலும் ஒரே வாரத்தில் பழுக்கின்றன. எல்லோரும் அதே லொறிக்காரரைத்தான் அழைக்கிறார்கள். மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் வாடகை இரட்டிப்பாவதையும் பலர் கண்டிருப்பார்கள்.

இதற்குப் பரிகாரம் முன்கூட்டியே பேசிக்கொள்வது. பருவம் தொடங்குவதற்கு முன், கிலோமீற்றருக்கா தடவைக்கா கூலி, காத்திருக்கும் நேரத்துக்கு எவ்வளவு, ஏற்றி இறக்கும்போது சேதம் வந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். லொறியின் காப்புறுதி, அதன் மேல் இருக்கும் இயந்திரத்தையும் தானாகவே உள்ளடக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் அது தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று, நான்கு பேர் சேர்ந்து ஒரே லொறிக்காரரோடு பருவம் முழுவதற்கும் பேசினால் அவரும் வேறிடம் போக மாட்டார்.

## எதைத் தெரிவுசெய்வது

உழவு இயந்திரம் மட்டும் வைத்து, 20 கிலோமீற்றருக்குள் வேலை செய்பவர் ஒன்றும் வாங்க வேண்டாம். இரும்புச் சில்லைப் பெட்டியில் போட்டு ஓட்டிப் போகட்டும். அதே தூரத்துக்குள் வெட்டு மெசின் வைத்திருப்பவருக்குப் பிறேக் பூட்டிய தாழ்ந்த ட்ரெயிலர். மாவட்டம் கடப்பவர், இயந்திரம் ஒன்றானால் வாடகை, இரண்டோ அதற்கு மேலோ ஆனால் பின் சரிவு வெட்டிய 16 தொன் வகுப்பு லொறி. நகரத்தை அண்டி இருந்து, மற்ற மாதங்களில் வாகனம் ஏற்றும் தொழிலையும் செய்ய மனமுள்ளவருக்குச் சாய்மேடை. 14.5 அடி லொறியை, ஆண்டு முழுவதும் வேறு சுமை ஏற்றும் வேலை கையில் உள்ளவர் மட்டும் வாங்குவது நல்லது.

எதில் ஏற்றினாலும் கட்டுவது ஒன்றே. நான்கு மூலையிலும் தனித்தனியாக, சட்டகத்திலிருந்து மேடைக்குச் சங்கிலி. டயரைச் சுற்றி மட்டும் கட்டிய கயிறு கணக்கில் சேராது. முன்னோக்கிய நகர்வைத் தடுக்கும் கட்டு, இயந்திர எடையில் 0.8 பங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய நியமம்; 3 தொன் இயந்திரத்துக்கு அது 2.4 தொன். கலப்பையும் வெட்டும் தலையும் மேடையில் படுமாறு இறக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். புறப்பட்டுச் சில கிலோமீற்றர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்; டயர் அமுங்கி, சங்கிலி அதற்குள் தளர்ந்திருக்கும்.

பழைய லொறி வாங்குபவர்களுக்கு இன்னொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் படிப்படியாகத் தளர்த்தப்பட்டதால், இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளுக்கு ஏறிய விலையையே சிலர் இன்னும் கேட்கிறார்கள். அந்த விலைக்கு உடன்படுவதற்கு முன் புதிதாக வந்த வண்டிகளின் விலையை விசாரித்துக்கொள்ள வேண்டும். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஸ்பிரிங்கின் தாங்கிகள் சட்டகத்தோடு சேரும் இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கரையோரத்தில் ஓடிய லொறியின் துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். புதுப் பெயின்ட் அடித்த சட்டகத்தில் மந்தமான சத்தம் கேட்டால் விலை பேசுவதை அத்தோடு நிறுத்திவிடலாம். சத்தம் கணீரென்று வந்தால், முற்பணம் கொடுப்பதற்கு முன் வெற்று லொறியையும், சாதனங்கள் எல்லாம் பூட்டிய உங்கள் இயந்திரத்தையும் எடைமேடை உள்ள ஓர் அரிசி ஆலைக்குக் கொண்டுபோய்த் தனித்தனியாக நிறுத்துப் பார்த்து, அந்த இரண்டு எண்ணையும் பதிவுச் சான்றிதழின் எண்ணோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.